அறுபத்தைந்து அங்குல எல்லைக்கோடு

இதனால் பெருங்களத்தூர் வாழ் பங்காளிகள், சம்பந்திகள், மாமன் மச்சான்கள் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: முடிச்சூர் ரோட்டில் ஜல்லி, எம்-சாண்ட், சிமென்ட் மொத்த வியாபாரம் செய்துவரும் திருவாளர் ஜெயவேலு அவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தீராதிருக்கும் எல்லைத் தகராறு ஒன்றை நிரந்தரமாகத் தீர்த்துவைக்கும் பொருட்டு, ஆடித் தள்ளுபடியில் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கித் தமது இல்லத்துக் கூடத்தில் நிறுவியிருக்கிறார். நீதி இனிமேல் ஃபோர்கே-யில் தெரியும். ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அனைவரும் வந்து கண்டு தெளியவும். மதியம் பிரியாணி உண்டு.

அறிவிப்பு இதே வாசகத்தில் வரவில்லைதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்றரை நிமிடக் குரல் பதிவாக வந்தது. ஆனால் ஜெயவேலுவின் தொண்டையில் இருந்த கனத்தை எழுத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் இப்படித்தான் எழுதியாக வேண்டும். கிளியம்மாள் அதை உளுந்து அரைத்துக்கொண்டே கேட்டாள். கிரைண்டர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியைக் கேட்டதும் கிரைண்டரை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

தலைமுறைத் தகராறு என்பதும் கொஞ்சம் ஜோடனை. தகராறுக்கு வயது நாலு மாதம். அதற்கு முன்னால் அங்கே இருந்தது ஒரு சந்து மட்டும்தான்.

கிளியம்மாள் ஜெயவேலுவின் தம்பி மனைவி. தம்பி போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பாகப்பிரிவினையில் ரோட்டைப் பார்த்த முன்பக்கம் அண்ணனுக்கும், பின்பக்கம் தம்பிக்கும் வந்தது. பின்வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர, ஜெயவேலுவின் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் கிளியம்மாளின் பிழைப்பு போய்வந்தது. இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து, காலை ஆறு மணிக்கெல்லாம் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு, புதிதாக முளைத்த அடுக்குமாடிகளுக்கெல்லாம் அவள்தான் போடுகிறாள். கேன் தொங்கும் மொபெட் சந்தில் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை விட்டுப் போகும். அரையடி குறைந்தால் மொபெட் போகாது. மூன்றடியும் போனால் அவளே போக முடியாது. பின்வீட்டில் இருந்துகொண்டு ரோட்டை மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம்.

ஜெயவேலு வீட்டை இடித்து மூன்று மாடி கட்டப்போகிறார். புதுக் கார் உள்ளே ஏற ஒரு சரிவுப் பாதை வேண்டும். இன்ஜினியர், மூன்றடி இடிக்கிறதே சார் என்றார். அந்த வார்த்தையிலிருந்துதான் ஜெயவேலுவுக்குத் தன் முன்னோர்கள் வஞ்சிக்கப்பட்ட வரலாறு ஞாபகம் வர ஆரம்பித்தது.

சரியாக அந்தச் சமயத்தில் பிரசன்னா என்ற நிலத் தரகர் ஒரு சர்வே படத்தை அனுப்பிவைத்தார். எங்கேயோ ஒரு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் தெரிந்த படத்தை அவருக்குத் தெரிந்த ஒருவர் போனில் பிடித்து, அது நாலு கை மாறி வந்திருந்தது. அதற்குள் படம் பலமுறை துவைத்த பனியன் மாதிரி ஆகியிருந்தது. போனில் பார்த்தபோது இரண்டு கட்டம், நடுவே மயிரிழையில் ஒரு கோடு. ஜெயவேலு அதைத் தன் பழைய முப்பத்திரண்டு அங்குல டி.வி.யில் போட்டார். படத்தை இழுத்து, சுருக்கி, தன் வீட்டுக் கட்டம் சரியாக இருபத்து நாலு அங்குலம் வரும்வரை விடவில்லை. ஏனென்றால் அவர் வீட்டு முகப்பு இருபத்து நாலு அடி. ஆக, அங்குலத்துக்கு ஓர் அடி. கடவுளே வகுத்த அளவு.

அப்புறம் ஸ்டீல் டேப்பைக் கண்ணாடி மேல் வைத்துக் கோட்டின் தடிமனை அளந்தார். ஒன்றரை அங்குலம். அதாவது ஒன்றரை அடி. கோடு யாருக்குச் சொந்தம்? மூத்தவனுக்கு. இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கிற துணிச்சல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பாதிப் பேர் அவரிடம்தான் சிமென்ட் வாங்குகிறார்கள்.

ஆனால் ஒன்றரை அடியில் கார் ஏறாது. ஆகவே ஜெயவேலு பெரிய டி.வி. வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. கொல்லைப்புறம் தேக்சாவில் பிரியாணி தம்மில் இருந்தது. அதன் வாசனை வரவர நீதிபதிகளின் முகத்தில் ஒருமனதாகத் தீர்ப்பளிக்கும் களை வந்துகொண்டிருந்தது. சுவரில் கதவுப் பலகை அகலத்துக்கு டி.வி. அதில் சர்வே படம். கிளியம்மாள் வாசற்படிக்கு உள்ளே, செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து பார்க்க, கோடு ஒல்லியாகவே தெரிந்தது. சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்கும் அப்படித்தான் தெரிந்தது போலிருக்கிறது. கோடு சன்னமாகத்தானே இருக்கிறது என்று வாய்விட்டார். ஜெயவேலு அவரைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய் டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினார். கிட்டே போனதும் கோடு கோடாக இல்லை. ஓரம் எது நடு எது என்று தெரியாத சாம்பல் நிறப் பட்டை, ஈரச் சுவரில் பூசணம் பிடித்த மாதிரி. பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆமாம் என்றார்.

ஜெயவேலு டேப்பை இழுத்து வைத்தார்.

"பாத்துக்கோங்கப்பா. மூணு இஞ்சு. மூணு அடி. நானா சொல்றேன்? டி.வி. சொல்லுது."

தமிழினி முன்னால் வந்தாள். கிளியம்மாளின் மகள், மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். கும்பலில் மூன்றாவது வரிசையில் நிற்கிற தாத்தாவின் தலையை மட்டும் வெட்டி ஆளுயரத்துக்கு லேமினேஷன் போட்டுக்கொடு என்று வந்து நிற்பவர்களிடம் தினமும் மன்றாடிப் பழகியவள்.

"பெரியப்பா, படத்துல இருக்கிற புள்ளியே கொஞ்சூண்டு. போன்ல நெருக்கமா நின்னுகினு இருந்துச்சு, கோடு பளிச்சுனு தெரிஞ்சுது. இவ்ளோ பெரிய டி.வி.ல அதே புள்ளிங்களதான் பரப்பி வெச்சுக்கீது. நடுவுல காலியா தெரியக் கூடாதுன்னு டி.வி. தானா எதையோ ரொப்பிக்குது. கோடு பெருசாவல, கலங்கிப்போய்க் கீது."

"இது ஃபோர்கே மா. எம்பது லட்சம் புள்ளி. கடைக்காரன் சொன்னான்."

"புள்ளி டி.வி.ல கீது பெரியப்பா. படத்துல இல்ல."

ஜெயவேலு சிரித்தார். அது கடையில் கூலியாள் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது சிரிக்கிற சிரிப்பு. ஆல்பம் ஒட்டுகிற பெண் தனக்கு எல்லை காட்ட வந்துவிட்டாள் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். சபை அவர் சிரித்த அளவுக்குச் சிரித்தது.

கிளியம்மாளுக்கு மகள் சொன்னதில் லட்சக் கணக்கு பிடிபடவில்லை. மற்றது நன்றாகவே பிடிபட்டது. அவள் செருப்பு மூலையிலிருந்தே சொன்னாள்:

"ஒரு கரண்டி மாவு மாமா. சின்னக் கல்லுல ஊத்துனா தோசை. அதையே அண்டா மூடி அகலத்துக்கு இழுத்தா ஓட்டையும் தீசலுந்தான். அந்தத் தீசலையும் சேத்து ஒங்களுதுன்னா எப்டி?"

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். ஜெயவேலுவின் முகம் இறுகியது.

"பொம்பளைங்க பேசி எல்ல நிக்காது. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கடக்கால் தோண்டறேன். மூணு அடியும் சேத்துதான். யாருக்குனா வேற டி.வி. இருந்தா எட்தாந்து போடுங்க."

யாரிடமும் அதைவிடப் பெரிய டி.வி. இல்லை. தீர்ப்பு ஆயிற்று. சர்வேயரைக் கூப்பிட்டு அளந்தால் என்ன என்று தமிழினி கேட்டதற்கு, பங்காளிச் சண்டையைச் சர்க்கார் வாசலில் கொண்டுபோய் வைக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது, மீறிப் போனால் இனி எந்த நல்லது கெட்டதுக்கும் ஒருத்தரும் கிளியம்மாள் வாசலை மிதிக்கமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். கல்யாண வயதில் பெண்ணை வைத்திருப்பவள் அதற்கு மேல் வாயைத் திறக்க முடியாது. பிற்பகல் ஒரு ஹாட்பாக்ஸில் பின்வீட்டுக்கும் பிரியாணி வந்தது. அதுவும் சந்து வழியாகத்தான் வந்தது.

மறுநாள் காலை சந்தின் வாயில் ஒரு யூனிட் எம்-சாண்ட் கொட்டியிருந்தது. அனுபோக பாத்தியதைக்கு அத்தாட்சி. மொபெட் வெளியே வரவில்லை. கிளியம்மாள் கேனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் கால் புதையப் புதைய ஏறி இறங்கி, ஆட்டோ பிடித்து, எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாள். இரண்டு வீடுகளில் ஏற்கெனவே கடைப் பாக்கெட் மாவு வாங்கி இட்லி வெந்துகொண்டிருந்தது. இப்படியே பத்து நாள் போனால் கிரைண்டரை விற்றுவிடலாம். அவள் மணல்மேட்டில் நின்று, கையில் அள்ளிய மணலை ஜெயவேலுவின் கதவைப் பார்த்து வீசிவிட்டுப் போனாள். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள் ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். ஜெயவேலு கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி தாயாரம்மாள் சோபாவில் உட்கார்ந்து சாம்பல் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை மாற்றக் கூடாது என்று உத்தரவாம். மாற்றினால் அளவு கலைந்துவிடுமாம்.

"மூணு நாளா சீரியல் இல்ல கிளி. கோடு பாத்துகினு குந்திகினு கீறேன்," என்றார் தாயாரம்மாள். "இவுருக்கு இன்னா பேஜார் புட்ச்சிதோ."

கிளியம்மாள் டி.வி. அருகில் போனாள். கோட்டைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. அவள் கண் கோட்டுக்குப் பக்கத்திலிருந்த கட்டத்தில் போய் நின்றது. ஜெயவேலுவின் வீடு. பழைய டி.வி.யில் இருபத்து நாலு அங்குலமாக இருந்த வீடு. அவள் கையை விரித்து ஒரு முனையிலிருந்து சாண் போட்டாள். ஐந்து சாண், மேலே நாலு விரல். கண்ணாடியில் கைரேகை விழுகிறதே என்று தாயாரம்மாள் சொல்லவில்லை. விழட்டும் என்றுதான் இருந்திருக்கும்.

வாசலில் வந்து மகளுக்குப் போன் போட்டு, ஐந்து சாண் நாலு விரல் எத்தனை அங்குலம் என்று கேட்டாள். தமிழினி கணக்குப் பார்த்து நாற்பத்தெட்டு என்றாள். கேட்டதும் கிளியம்மாள் ஜெயவேலு வீட்டுக்கு மறுபக்கம் இருந்த அடுக்குமாடியைத் திரும்பிப் பார்த்தாள். அங்குலத்துக்கு ஓர் அடி. நாற்பத்தெட்டு அடி. ஜெயவேலுவின் வீடு அந்தப் பக்கம் சுவரைத் தாண்டி, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தையும் விழுங்கிக்கொண்டல்லவா போகிறது.

அந்த அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் கஸ்தூரிரங்கன். ஓய்வுபெற்ற பிறகு ஆள்வதற்குக் கிடைத்த நாற்பது குடித்தனங்களை ஓர் அரசாங்கம் மாதிரி ஆண்டுகொண்டிருந்தார். லிஃப்டில் மட்டும் அவர் கையெழுத்தில் ஏழு சுற்றறிக்கைகள். கிளியம்மாள் அவர் வீட்டுக்கு மாவு கொடுக்கும்போது, கூடுதலாக ஒரு செய்தியும் கொடுத்தாள்.

"சார், ஒங்க கார் நிறுத்தற எடம் எங்க மாமாவுதாமே. டி.வி.ல வந்துச்சாம்."

கஸ்தூரிரங்கனுக்கு முதலில் புரியவில்லை. எந்தச் சேனலில் என்றார். சேனல் இல்லை, எங்கள் மாமா வீட்டு டி.வி.யில், நீங்களே போய் அளந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீட்டு மணியை அழுத்தப் போய்விட்டாள்.

அன்று மாலையே அவசரச் செயற்குழு கூடி, மூன்று தீர்மானங்கள் நிறைவேற்றி, நாலு பேர் கொண்ட தூதுக்குழு ஜெயவேலுவின் கூடத்துக்கு வந்தது. அந்த இடத்தில் ஜெயவேலு, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குச் சந்து கிடைத்திருக்கும். எல்லாரும் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. ஸ்டீல் டேப்பை எடுத்தார். கட்டத்தை அளந்தார். நாற்பத்தெட்டு வந்தது. இன்னொரு தடவை அளந்தார். முகம் மெல்ல மெல்ல விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இத்தனை காலம் தன்னுடைய சொத்தில் அடுத்தவன் கார் நின்றிருக்கிறது.

"பாருங்க சார்," என்றார், குரல் தழுதழுக்க. "நாப்பத்தெட்டு. நானா சொல்றேன்?"

கஸ்தூரிரங்கன் அதே படத்தை வாங்கித் தன் லேப்டாப்பில் போட்டு, அதில் ஜெயவேலுவின் வீடு வெறும் ஒன்பது அங்குலம்தான் வருகிறது என்று காட்டினார். அங்குலத்துக்கு ஓர் அடி என்றால் மிச்சமுள்ள பதினைந்து அடியை உடனே காலி செய்து சங்கத்திடம் ஒப்படைக்கும்படிக் கேட்டுக்கொண்டார்.

"ஒங்க டப்பா சின்ன டப்பா சார். அதுல இன்னா தெரியும்?"

"மிஸ்டர், இது ஃபுல் ஹெச்.டி. உங்க பேச்சுதான் ரொம்ப லோ குவாலிட்டியா இருக்கு."

அதற்குப் பிறகு பேசியவை அச்சுக்கு ஏறாது. தூதுக்குழுவில் ஒருவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்தது. அது தானாகக் கீழே விழுந்ததா என்பதில் இரு தரப்புக்கும் வெவ்வேறு கருத்து. கிளியம்மாள் பின்வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஆறு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு நன்றாகப் பொழுதுபோனதில்லை. மறுநாளே சங்கம் முறைப்படி பணம் கட்டி, சர்வேயர் வந்து இரண்டு பக்கத்து எல்லையையும் அளக்க மனுக் கொடுத்தது. சர்க்கார் வாசலுக்குப் போனது பங்காளி இல்லை. ஆகவே குடும்ப வழக்கத்துக்கு ஒரு பங்கமும் வரவில்லை.

கடைக்காலுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை காலை சர்வேயர் வந்தார். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒல்லியான மனிதர். தன் பையிலிருந்து தன் தாளை எடுத்தார், தரையில் டேப்பைப் போட்டார், கல்லிலிருந்து கல்லுக்கு நடந்தார். யாருடைய டி.வி.யையும் கேட்கவில்லை. பங்காளிகள் ஒரு பக்கமும் சங்கத்தார் ஒரு பக்கமும் அவர் பின்னாலேயே போனார்கள். கிளியம்மாள் மணல்மேட்டுக்குப் பின்னால், சந்துக்குள், மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கேனிலும் மாவு இருந்தது.

அடுக்குமாடிச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஜெயவேலுவின் முகப்பு இருபத்து நாலு அடி. அப்புறம் சந்து. சர்வேயர் குனிந்து இரண்டு தடவை பார்த்தார்.

"மூணு அடி ரெண்டு இஞ்சு. கிளியம்மாள் பேர்ல இருக்குது. யாரும்மா கிளியம்மாள்?"

அவள் கையைத் தூக்கினாள். சர்வேயர் ஜெயவேலுவின் பக்கவாட்டுப் படிக்கட்டைப் பேனாவால் காட்டி, அதில் இரண்டு அங்குலம் அந்த அம்மாளின் இடத்தில் வந்திருக்கிறது, இடித்துக்கொள்ளுங்கள் என்றார். பங்காளிகள் திடீரென்று வேறு வேறு திசைகளில் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"படி இருந்துட்டுப் போவட்டும் மாமா," என்றாள் கிளியம்மாள். "மணல வாருங்க."

ஜெயவேலு மணலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சர்வேயரின் முழங்கையைப் பிடித்து, ஒரே ஒரு தடவை உள்ளே வந்து பார்க்கும்படி இழுத்துக்கொண்டு போனார். காகிதத்தில் போட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா, அறுபத்தைந்து அங்குலம், எண்பது லட்சம் புள்ளி. சர்வேயர் டி.வி. முன்னால் நின்று சாம்பல் பட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூலையில் நசுங்கிய எறும்பு மாதிரி ஏதோ இருந்த இடத்தையும் பார்த்தார். போனில் இருக்கிற படத்தைக் காட்டுங்கள் என்றார். ஜெயவேலு காட்டினார். அதை அவர் பெரிதாக்கவில்லை. உள்ளங்கை அளவிலேயே வைத்துக்கொண்டு மூலையில் இருந்த எண்ணையும் ஊர்ப் பெயரையும் படித்தார். படித்துவிட்டுப் போனை ஜெயவேலுவிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே, மணலை வாரக் கடையாள் யாரும் வரவில்லை. தமிழினியும் கிளியம்மாளும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து வழி செய்தார்கள். வாரிய மணலெல்லாம் ஜெயவேலுவின் வாசலில் போய் விழுந்தது. மொபெட் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை விட்டு வெளியே வந்து, ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

டி.வி.யில் இத்தனை நாளாக இருந்தது வண்டலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தின் சுடுகாடு.